நிழலுக்கு ஒரு கொசு, வெயிலுக்கு ஒரு கொசு

சுபாங் ஜெயா, யுஎஸ்ஜே பக்கம் குடியிருப்பவர்களிடம் ‘சீஃபீல்டு’ என்று சொன்னால் முதலில் மாரியம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். அவர்களின் தாத்தா பாட்டி காலத்தில் அது ரப்பர் தோட்டம். இன்று வரிசை வீடுகள், கடைவீடுகள், எல்ஆர்டி தடம். ஆனால் மலேரியா ஒழிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தோட்டத்தின் பெயரை வேறொரு காரணத்துக்காகக் குறிப்பிடுவார்கள். 1911 வாக்கில் இங்கே பள்ளங்களில் ஓடிக்கொண்டிருந்த சிற்றோடைகளை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்துப் புதைத்தார்கள். தண்ணீர் ஓடியது, ஆனால் வெளியே தெரியவில்லை. முட்டையிட வந்த கொசுவுக்கு இடமில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள்? அதே 1911ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. அன்றைய மலாய் கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் 143,614 பேர். அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 9,040 பேர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63. ஒரு தோட்டத்தில் நூறு பேர் இருந்தால், அடுத்த தைப்பூசத்துக்குள் அவர்களில் ஆறு பேர் இருக்கமாட்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பட்டியலின் தலைப்பில் நின்றது காய்ச்சல், அதாவது மலேரியா.

வேலைக்காக வானொலியில் சுகாதார அறிவிப்புகளை நான் வாரந்தோறும் வாசிக்கிறேன். ‘தேங்கிய நீரை அகற்றுங்கள்’ என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இந்த மண்ணிலேயே நடந்த ஒரு நூற்றாண்டுக் கதை இருப்பது அண்மையில்தான் தெரிந்தது. அதில் நம் ஆட்களின் உயிரும் உழைப்பும் கலந்திருக்கின்றன.

கிள்ளானுக்கு வந்த டாக்டர்

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள். சதுப்பு நிலத்து வாடைதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்றுதான் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1897 ஆகஸ்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, அதன் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். அந்தக் கொசு அனோபிலஸ் இனத்தைச் சேர்ந்தது. நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணி கொசுவுக்குள் போய் வளர்ந்து, அடுத்தவர் உடம்புக்குள் போகிறது.

அதற்கு மூன்றரை ஆண்டுக்குப் பிறகு, 1901 ஜனவரியில், மால்கம் வாட்சன் என்ற 27 வயது டாக்டர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். கிள்ளான் அப்போது சிறிய ஊர். சுற்றிலும் சதுப்பு, புதர்க்காடு. வீட்டுக்கு வீடு காய்ச்சல். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் அங்கே வேலைக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். இவ்வளவு செலவு செய்து கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது.

வாட்சன் சொன்னது எளிது: ஊரைச் சுற்றியுள்ள காட்டை வெட்டுங்கள், சதுப்பை வடியவிடுங்கள், கால்வாய் வெட்டிக் கடலுக்குக் கொண்டுபோங்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர். ஒரே ஆண்டில்! கொசு நோயைப் பரப்புகிறது என்ற கண்டுபிடிப்பை வைத்து ஒரு ஊரையே காப்பாற்றிய உலகின் தொடக்கக்கால வெற்றிகளில் இது ஒன்று. இன்று கிள்ளானில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாடநூல்களில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். உண்மையில் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான்.

அதே வைத்தியம், எதிர்ப்பலன்

கிள்ளானில் வென்ற முறையை மேட்டுப்பாங்கான தோட்டங்களிலும் செய்து பார்த்தார்கள். காட்டை வெட்டினார்கள், புதரை நீக்கினார்கள், ஓடைகளைச் சீராக்கினார்கள். பள்ளத்தில் தண்ணீர் பளிங்குபோல ஓடியது, பார்க்க அழகாக இருந்தது. காய்ச்சல் மட்டும் குறையவில்லை. சில தோட்டங்களில் கூடியது.

காரணம் கொசு வேறு. கடலோரச் சமவெளியில் நோய் பரப்பியது அனோபிலஸ் அம்புரோசஸ். அதற்கு நிழல் வேண்டும், மரங்களுக்கு அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் வேண்டும். காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டால் அதன் கதை முடிந்தது. மேட்டு நிலத்தில் இருந்ததோ அனோபிலஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வெயில் படும், சுத்தமான, மெல்ல ஓடும் ஊற்றுத் தண்ணீர்தான் பிடிக்கும். காட்டை வெட்டியவர்கள் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கடற்கரை ஓரத்தில் மூன்றாவது ஒன்று: உப்புக் கலந்த தண்ணீரில் முட்டையிடும் கொசு. அதற்குக் கரை கட்டி, கடல்நீர் ஏறாமல் மதகு வைக்க வேண்டும். ஆக, ‘கொசுவை ஒழிப்போம்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில், வெயிலிலா நிழலிலா என்று தெரிந்துகொண்டு, அந்த ஓர் இனம் வாழ முடியாதபடி மட்டும் இடத்தை மாற்ற வேண்டும். எல்லாக் கொசுவையும் விரட்ட வேண்டியதில்லை, எல்லாக் குளத்தையும் மூட வேண்டியதும் இல்லை. இந்த முறைக்கு இனவாரிச் சுகாதாரம் என்று பின்னாளில் பெயர் வந்தது. இன்று நிபுணர்கள் நீடித்து நிற்கும் கொசுக் கட்டுப்பாடு என்று பேசும்போது, பாதிக்கு மேல் இதைத்தான் புதிய சொற்களில் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சீஃபீல்டு தோட்டம் மேட்டு நிலம். அங்கே எதிரி வெயில் கொசு. காட்டை மறுபடி வளரவிட முடியாது, ரப்பர் போட்டாயிற்று. அதனால்தான் தண்ணீரையே மண்ணுக்குள் அனுப்பும் யோசனை. பள்ளத்தின் அடியில் நீளமாகக் குழி தோண்டி, சுட்ட களிமண் குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வரிசையாக வைத்து மூடுவார்கள். இணைப்பு இடுக்குகள் வழியே ஊற்றுநீர் குழாய்க்குள் கசிந்து, கீழேயே ஓடிப்போகும். மேலே காய்ந்த தரை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு வித்தை செய்தார்கள்: ஓடையின் இரு கரையிலும் அடர்த்தியான செடிகளை வளர்த்து, தண்ணீரின் மேல் நிழல் கவிய வைத்தார்கள். அங்கும் இருந்தது வெயில் விரும்பும் கொசுதான். இரண்டிலும் விஷம் ஒரு சொட்டு கிடையாது.

இதைத் தோட்ட முதலாளிகளின் கருணை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவுக்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று தொடங்கப்பட்டது, முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். வந்து இறங்கிய ஆள் ஆறு மாதத்தில் லயத்தில் சுருண்டு படுத்தால் அது நட்டம். குழாய் பதிப்பது ஆள் இறப்பதைவிட மலிவு என்று கணக்குக் காட்டிய பிறகுதான் பலர் அசைந்தார்கள். வாட்சன் பின்னர் இலண்டன் ரோஸ் ஆய்வு நிலையத்துக்குப் போனார். ஆப்பிரிக்காவில் இன்றைய சாம்பியாவின் செப்புச் சுரங்கங்களுக்கும் இங்கே கற்றதைக் கொண்டுபோனார். அவருடைய பெயர் நூல்களில் இருக்கிறது. குழி தோண்டியவர்களின் பெயர்களை நான் எங்கும் பார்க்கவில்லை.

எண்ணெய்க்காரர் வரும் நாள்

ஒவ்வொரு தோட்டத்திலும் குழாய் பதிக்க முடியவில்லை. அங்கெல்லாம் எண்ணெய்தான். முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை ஓடை, குட்டை, பள்ளம் எல்லாவற்றிலும் எண்ணெய் தெளித்துக்கொண்டே போவார். வாரம் ஒருமுறை என்பதற்குக் காரணம் உண்டு. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மறுபடி தெளித்துவிட வேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மூடிக்கொண்டால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும்.

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “எண்ணெய்க்காரர் வந்தா அன்னைக்கு ஓடையில துணி துவைக்கக்கூடாது, குளிக்கக்கூடாது” என்பார். டிரஸ்ஸர் கொடுக்கும் கொயினா மாத்திரையின் கசப்பைப் பற்றிச் சொல்லும்போது எழுபது வயதிலும் அவர் முகம் சுளிக்கும். “முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டணும், இல்லைன்னா கங்காணி விடமாட்டாரு.” இந்த மாதிரிக் கதைகளை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, கைத்தொலைபேசியிலாவது பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தெளிப்பு ஓடையின் மீனையும் சேர்த்துக் கெடுத்தது, செலவும் ஓயவில்லை. ஒரு வாரம் ஆள் வரவில்லை என்றால் கொசு வந்துவிடும். அதனால் ஓடையின் குறுக்கே சிறு அணை கட்டி, தண்ணீர் நிரம்பியதும் தானாகவே மொத்தமாகத் திறந்துகொள்ளும் அமைப்பையும் மலாயாவில் செய்தார்கள். திடீரென்று பாயும் தண்ணீர் கரையோரத்துப் புழுக்களை அடித்துக்கொண்டு போகும். ஆளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

ஒரு வெள்ளைப் பொடியின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தது. அதன் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் குடித்த கொசு வீட்டுச் சுவரில் போய் உட்காரும். சுவரில் டிடிடி அடித்து வைத்தால் அதோடு தீர்ந்தது. ஓடை எங்கே, கொசு என்ன இனம் என்றெல்லாம் ஆராய வேண்டியதில்லை. 1955இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று கிளம்பியது.

அது பல இலட்சம் உயிர்களைக் காப்பாற்றியதை மறுக்க முடியாது. ஆனால் வேறு சிலவும் நடந்தன. வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், சுவர்களுக்கு மருந்தடித்த கிராமங்களில் சில காலத்தில் அத்தாப்புக் கூரைகள் பொத்தலாகி விழ ஆரம்பித்தன. அத்தாப்பைத் தின்னும் ஒரு கம்பளிப்புழு பெருகிவிட்டிருந்தது. அந்தப் புழுவைக் கட்டுக்குள் வைத்திருந்த சிறு குளவிகள் மருந்தில் செத்துவிட்டன, புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரவாக்கில் பூனைகளும் செத்து, எலிகள் பெருகி, விமானத்திலிருந்து பூனைகளைப் பாராசூட்டில் இறக்கினார்கள் என்ற கதையை நீங்கள் புலனத்தில் படித்திருக்கலாம். பதினான்காயிரம் பூனைகள் என்றெல்லாம் சுற்றுகிறது. 1960இல் பாரியோ மேட்டுநிலத்துக்குப் பூனைகள் வானிலிருந்து இறக்கப்பட்டது உண்மைதான். எண்ணிக்கை இருபதை ஒட்டியது, அவ்வளவே.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. டிடிடியின் உதவியால் 1963இல் அந்த நாட்டில் பதிவான மலேரியா வெறும் 17 பேருக்கு. வெற்றி என்று நினைத்துத் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல். மறுபடி தெளிக்கப் போனால், கொசு டிடிடியைத் தாங்கப் பழகிக்கொண்டிருந்தது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இம்முறை ஒரே மருந்தை நம்பவில்லை. நடமாடும் கிளினிக், உடனடி இரத்தப் பரிசோதனை, வலை, நீர்நிலைகளில் புழுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கையாண்டார்கள்.

நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் 1982லேயே அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டது. அங்கும் தொடக்கம் 1911இல் தெலுக் பிளாங்காவில் வெட்டிய கால்வாய்கள்தாம்.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கருத்து. நம் தாமான்களில் டிங்கி வந்தால் புகையடிக்கிறார்கள். சத்தம், வெள்ளைப் புகை, வாட்ஸ்அப் குழுவில் படம், எல்லோருக்கும் திருப்தி. புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. அடுத்த வாரம் புதிய கொசு. அடைத்துக்கொண்ட லோங்காங்கைச் சுத்தம் செய்யும் ஆளை யாரும் படமெடுப்பதில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருக்கும் பூச்சாடித் தட்டில் பிறக்கிறது என்பதால் அங்கே வேலை இன்னும் எளிது. ஆனால் டிங்கி ஒரு கிருமியால், வைரசால் வருவது. ஒட்டுண்ணிக் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

குரங்கிடமிருந்து வந்தது

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் உள்நாட்டு மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆயிரத்துக்கு 63 என்ற கணக்கிலிருந்து பார்த்தால் இது பெரும் சாதனை. ஆனால் அதே 2018இல் 4 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு மலேரியா வந்தது. அது வேறு மலேரியா.

பிளாஸ்மோடியம் நோலெசி என்ற இந்த ஒட்டுண்ணியின் இயல்பான வீடு குரங்கு, அதிலும் நம் ஊரின் நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும். 1965இல் பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இது வந்தது. அபூர்வமான ஒன்று என்று விட்டுவிட்டார்கள். 2004இல் பேராசிரியர் பல்பீர் சிங் தலைமையிலான சரவாக் மலேசியப் பல்கலைக்கழகக் குழு, காப்பிட் வட்டாரத்து மலேரியா நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தது. 120 பேருக்கு இருந்தது நோலெசி. நுண்ணோக்கியில் பார்த்தால் அது மிதமான வேறொரு மலேரியாபோலவே தெரியும் என்பதால் அதுவரை அந்தப் பெயரிலேயே பதிவாகிக்கொண்டிருந்தது.

எந்தக் கொசு பரப்புகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் காடுகளில் இரவிரவாகக் கொசு பிடித்தவர்களில் முக்கியமானவர் பூச்சியியல் பேராசிரியர் இந்திரா வைத்திலிங்கம். காப்பிட்டில் ஓர் இனம், கோலா லிப்பிசில் இன்னொன்று, சிலாங்கூரில் வேறொன்று, சபாவில் மற்றொன்று. எல்லாம் ஒரே குடும்பத்து அனோபிலஸ்தான், இடத்துக்கு இடம் ஆள் மாறுகிறது. நூறு ஆண்டுக்கு முன் வாட்சன் கேட்ட அதே கேள்வியை வைத்துத்தான் வேலை நடக்கிறது.

விடை மட்டும் முன்போல எளிதாக இல்லை. இந்தக் கொசுக்கள் காட்டிலும் காட்டோரத் தோப்புகளிலும் திரிகின்றன, பெரும்பாலும் வெளியிலேயே கடிக்கின்றன, அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல் நாம் இன்னும் விழித்துக்கொண்டு நடமாடும்போது. படுக்கையில் வலையும் சுவரில் மருந்தும் இவற்றை அதிகம் தொடுவதில்லை. காட்டுக்குள் இலையடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க முடியாது. குரங்குகளுக்கு மாத்திரை கொடுக்க முடியாது. சபாவில் நடந்த ஆய்வுகள், காடு அழிக்கப்பட்ட கிராமங்களைச் சுற்றி நோலெசி அதிகமாவதைக் காட்டுகின்றன. காடு சுருங்கினால் குரங்கும் கொசுவும் மனிதரும் நெருங்கி வருகிறார்கள். அப்படியென்றால் கொசுக் கட்டுப்பாடு என்பது இனி சுகாதார அமைச்சின் வேலை மட்டுமா, நிலத்தை யாருக்கு எதற்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர்களின் வேலையும்தானா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. தோட்டம் போடுகிறவர்கள் தொழிலாளர் குடியிருப்பைக் காட்டோரத்திலிருந்து தள்ளி அமைப்பதில் தொடங்கலாம். இன்று செம்பனைத் தோட்டங்களில் அந்த லயங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அன்று நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில்.

விவசாயிகள், தோட்டத் தொழிலாளர்கள், மரம் வெட்டுகிறவர்கள், காட்டுப் பயிற்சிக்குப் போகும் இராணுவத்தினர் ஆகியோரைத்தான் இது அதிகம் தாக்குகிறது. 2007இல் சிங்கப்பூர் இராணுவ வீரர் ஒருவருக்கும் வந்தது. ஆனால் வார இறுதியில் மலையேறுவதும் நீர்வீழ்ச்சி ஓரத்தில் கூடாரம் போடுவதும் இப்போது நம் இளையர்களிடம் பெரிய மோகம். உலு சிலாங்கூர் வட்டாரத்திலும் நோலெசி பரப்பும் கொசு இருக்கிறது. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, நானும் போகிறவன்தான். அந்தி சாயும் நேரத்தில் முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கொசு அண்டாத களிம்பு வேண்டும். கூடாரத்தின் வலைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்து கதை பேசாதீர்கள்.

திரும்பி வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால்தான் உண்மையான சிக்கல். நோலெசி ஒட்டுண்ணி இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் நாளைக்குப் பல மடங்கு. ஆண்டுதோறும் சிலர் இறப்பது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, இரத்தத் தட்டணுக்கள் குறைவது எல்லாம் டிங்கியைப் போலவே இருக்கும். நகரத்துக் கிளினிக்கில் டாக்டர் முதலில் டிங்கியைத்தான் நினைப்பார், அதில் அவர் தவறு இல்லை. அவர் கேட்காவிட்டாலும் காட்டுக்குப் போனேன், இந்தத் தேதியில், இந்த இடத்துக்கு என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியா ஒட்டுண்ணிக்கான இரத்தப் பரிசோதனையை இங்கே ‘பிஎஃப்எம்பி’ என்பார்கள். அரசாங்க மருத்துவமனையில் அந்த நான்கு எழுத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். நோய் தெரிந்துவிட்டால் மருந்து இருக்கிறது, நன்றாகவே கேட்கிறது.